பட்டு விளையும் இடைவெளி: பட்டுப்புழு உருமாற்றத்தில் ஹார்மோன்களும் மரபணு வெளிப்பாடும், தர்மபுரி வளர்ப்பு மனைகளை முன்வைத்து

பட்டுப்புழுவின் உருமாற்றத்தைப் பாடநூல்கள் இரண்டே வரியில் சொல்லிவிடுகின்றன. எக்டைசோன் என்ற ஹார்மோன் தோலுரிக்கச் செய்கிறது. அப்போது இளமை ஹார்மோன் உடனிருந்தால் புழு மறுபடியும் புழுவாகிறது, இல்லாவிட்டால் கூட்டுப்புழுவாகிறது. இந்த விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் பட்டு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அதில் இடமே கிடையாது. தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்பவர்கள் உருமாற்றத்தை விற்பதில்லை; அதற்கு முந்தைய சில நாட்களில் புழுவின் சுரப்பியில் சேரும் புரதத்தைத்தான் விற்கிறார்கள். எக்டைசோன் இன்னும் ஏறாமலும் இளமை ஹார்மோன் வடிந்துகொண்டும் இருக்கிற ஒரு குறுகிய இடைவெளியில் பட்டு விளைகிறது என்பது இக்கட்டுரையின் அடிப்படை. வளர்ப்பு மனைக்குள் நாமே கொண்டுவரும் ஹார்மோன்களையும், அழைக்காமல் வந்து சேரும் ஹார்மோன் போலிகளையும், அவை இந்த இடைவெளியை என்ன செய்கின்றன என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது அதிலிருந்து எழும் வாதம்.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். 1938இல் பிரெஞ்சு ஆய்வாளர் பூனியோல், இளம்புழுக்களின் தலையில் மூளைக்குப் பின்னால் இருந்து இளமை ஹார்மோனைச் சுரக்கும் கார்ப்போரா அல்லாட்டா என்ற சிறு சுரப்பிகளை அகற்றினார். அந்தப் புழுக்கள் மீதிப் பருவங்களைத் தாண்டி, குட்டிக் கூட்டுப்புழுக்களாக மாறின. இரண்டாண்டுகள் கழித்து ஜப்பானின் ஃபுகுடா, கடைசிப் பருவமான ஐந்தாம் பருவப் புழுக்களின் உடலை நூலால் இறுக்கிக் கட்டியும், எக்டைசோனைச் சுரக்கும் மார்புச் சுரப்பிகளை இடம் மாற்றிப் பொருத்தியும் பார்த்தார். கட்டுக்கு முன்புறம் கூட்டுப்புழுவாகியது. பின்புறம் புழுவாகவே நின்றது. மார்புச் சுரப்பியைப் பின்புறத்தில் வைத்தால் அதுவும் மாறியது. ஒரே உடல், ஒரே மரபணுத் தொகுதி. நூலின் இருபுறமும் வேறுவேறு தலைவிதி. மரபணு வெளிப்பாடு என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அதன் முதன்மைக் கேள்வியை அந்த நூல் எழுப்பிவிட்டது.

அதற்கு விடை வந்த வழி சற்று விசித்திரமானது. 1954இல் ஜெர்மனியில் புட்டனாண்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் படிகமாகப் பிரித்தனர். 1960இல் கிளெவரும் கார்ல்சனும் அதைக் கைரோனோமஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழுவுக்குள் செலுத்தினர். உமிழ்நீர்ச் சுரப்பியின் பூதக் குரோமோசோம்களில், ஒரு மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட இடங்கள் மட்டும் ஊதிப் பெருத்தன. ஸ்டீராய்டு ஹார்மோன் நேரடியாக மரபணுக்களை இயக்குகிறது என்பதற்கு உலகில் கிடைத்த முதல் தெளிவான தடயம் இதுவே. பெண்களுக்கான கருத்தடை மாத்திரை முதல் மூட்டுவலி ஊசி வரை இன்று பேசப்படும் ஸ்டீராய்டுகளின் செயல்முறைக்கு முன்னோடிச் சான்று, பட்டாலைகள் கழித்துப் போடும் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது என்பதை நம் உயிரியல் வகுப்புகள் ஏனோ சொல்வதில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூளை சுரக்கும் மார்புச் சுரப்பித் தூண்டியின் மரபணு 1990இல் பட்டுப்புழுவிலேயே கண்டறியப்பட்டது. எக்டைசோனின் செயல்வடிவமான 20-ஹைட்ராக்சி எக்டைசோன், செல்லுக்குள் இசிஆர், யுஎஸ்பி என்ற இணைப் புரதங்களைப் பற்றிக்கொண்டு டிஎன்ஏ மீது அமர்கிறது. இ75, பிராட் போன்ற முதல் வரிசை மரபணுக்கள் எழுகின்றன. அவை அடுத்த வரிசையை எழுப்புகின்றன. இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றுண்டு. ஹார்மோன் ஏறினால் மட்டும் போதாது, ஏறிய பின் இறங்கவும் வேண்டும். எக்டைசோன் அளவு சரிந்தால்தான் பீட்டா எஃப்டிஇசட்-எஃப்1 என்ற மரபணு இயங்கும். அதன்பின்தான் புதுத்தோலுக்கான புரத மரபணுக்கள் சில வேலையைத் தொடங்கும்.

இளமை ஹார்மோனின் கதை பிந்தித்தான் துலங்கியது. அது மெட் என்ற புரதத்தோடு இணைந்து கேஆர்-எச்1 என்ற மரபணுவை இயக்குகிறது. கேஆர்-எச்1 ஒரு காவலாளி. புழுப்பருவத்தில் பிராட், இ93 ஆகிய மரபணுக்களை எழவிடாமல் தடுத்து நிற்கிறது. பட்டுப்புழுச் செல்களில் ஜப்பானின் கயுகாவா குழு இந்தத் தொடரை 2012 முதல் 2017 வரை படிப்படியாக நிறுவியது. நானோமோல் அளவுக்கும் குறைவான இளமை ஹார்மோன் பட்டாலே கேஆர்-எச்1 விழித்துக்கொள்கிறது என்பது அதில் முக்கியமான செய்தி. இதை வைத்தே கட்டுரையின் இறுதியில் ஒரு முன்மொழிவு உண்டு.

ஆயினும் இரு ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கவில்லை. 2015இல் ஜப்பானின் தைமோன் குழு, பட்டுப்புழுவில் இளமை ஹார்மோனை உண்டாக்கும் மரபணுவையும் அதை உணரும் மெட் மரபணுவையும் தனித்தனியே செயலிழக்கச் செய்தது. காவல் நீங்கியதால் முதல் பருவத்திலேயே புழுக்கள் கூட்டுப்புழுவாக முயலும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி நடக்கவில்லை, முதல் இரு பருவங்களும் வழக்கம்போலவே கடந்தன. உருமாறும் தகுதியைப் புழுவின் திசுக்கள் தாமே ஈட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதன் பிறகே ஹார்மோன் அங்கே செல்லுபடியாகிறது. ஒரே ஹார்மோன் வெவ்வேறு நாளில் வெவ்வேறு விளைவைத் தருவதன் காரணம் இதுதான். வளர்ப்பு மனையில் எதைத் தெளிக்கிறோம் என்பதைவிட எந்த நாளில் தெளிக்கிறோம் என்பது பெரிய கேள்வியாவதும் இதனால்தான்.

இப்போது பட்டுச் சுரப்பிக்கு வருவோம். அதன் பின்பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் செல்களே உள்ளன. புழு வளர வளர அவை பிளவுபடுவதில்லை. பிரியாமலே தம் டிஎன்ஏவை மீண்டும் மீண்டும் இரட்டித்து லட்சக்கணக்கான படிகள் சேர்த்துக்கொள்கின்றன. 1970களில் ஆய்வாளர் சுசுகி போட்ட கணக்குப்படி, பட்டின் முதன்மைப் புரதமான ஃபைப்ராயினின் ஒரு மரபணு சில நாட்களில் சுமார் பத்தாயிரம் தூது ஆர்என்ஏ மூலக்கூறுகளையும், அவை ஒவ்வொன்றும் சுமார் ஒரு லட்சம் புரத மூலக்கூறுகளையும் தருகின்றன. இந்த மரபணு ஒவ்வொரு தோலுரிப்பின்போதும் அடங்கிவிடும். தோலுரித்து இலை தின்னத் தொடங்கியதும் மீண்டும் எழும். ஐந்தாம் பருவத்தின் நடுநாட்களில் உச்சம் தொடும். இளமை ஹார்மோனும் கேஆர்-எச்1உம் டிம் என்ற மரபணுவின் வழியாக இந்த உச்சத்துக்குத் துணைசெய்வதாகச் சீன ஆய்வுகள் காட்டுகின்றன. பின்னர் எக்டைசோன் ஏறுகிறது. புழு இலையை விட்டு, குடலைக் காலிசெய்து, நூற்க இடம் தேடுகிறது. அதே எக்டைசோன், நூற்பு முடியும் தறுவாயில், பட்டுச் சுரப்பியைத் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளவும் செய்கிறது. நூற்கத் தூண்டுவதும் நூற்பாலையை இடிப்பதும் ஒரே ஹார்மோன்தான்.

இந்த இடைவெளியை ஹார்மோன்களால் இரு பக்கமும் நகர்த்தலாம். ஐந்தாம் பருவத் தொடக்கத்தில் இளமை ஹார்மோன் போலியைச் சிறு அளவில் கொடுத்தால் எக்டைசோன் ஏறுவது தாமதமாகும். புழு கூடுதலாகத் தின்று கூட்டின் எடை கூடும். இந்திய ஆய்வு நிலையங்கள் இதில் நிறைய உழைத்திருக்கின்றன. மறுபுறம், மைசூரு மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய 'சம்பூர்ணா' தாவர எக்டைசோன் வகையைச் சேர்ந்தது. புழுக்கள் பழுக்கத் தொடங்கும்போது, அதாவது நூற்க ஆயத்தமாகும்போது, இலைமீது தெளித்தால், முன்னும் பின்னுமாக நூற்கவிருந்தவை ஏறத்தாழ ஒரே நேரத்தில், கூடு கட்டுவதற்கான நெட்ரிகா என்ற தட்டியில் ஏறும். எக்டைசோன் வகைப் பொருட்கள் தாவரங்களிலேயே ஏராளம். நம் வரப்புகளில் முளைக்கும் நாயுருவியிலும் உண்டு.

என் கணிப்பில் தர்மபுரிக்கு இவ்விரண்டும் ஒரே தரமான உதவிகள் அல்ல. புழு வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஐந்தாம் பருவத்தில்தான் போகிறது. அதை ஒரு நாள் நீட்டினால் செலவாவது சாதாரண இலையல்ல. உச்ச வேட்கையில் இருக்கும் புழுக்களுக்கான ஒரு முழுநாள் இலை. கோடையில் கிணறு வற்றும் நிலத்தில் அந்த இலை எங்கிருந்து வரும்? மேலும், 24 பாகையை ஒட்டிய வெப்பத்தை விரும்பும் வெண்பட்டுக் கலப்பினப் புழுக்கள், தர்மபுரிக் கோடையில் ஒரு நாள் கூடுதலாக மனையில் இருப்பது பால்புழு நோய்க்கும் தளர்வு நோய்க்கும் கூடுதலாக ஒரு நாள் கொடுப்பதாகும். ஓசூர் மேட்டுநிலத்துக் குளிர்ச்சியில் தேறும் கணக்கு, அதைவிடத் தாழ்ந்த தர்மபுரிச் சமவெளியில் தேறாமல் போகலாம். 2004இல் ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்ததால், இந்த வேறுபாடு பரிந்துரைகளில் மறைந்துபோக வாய்ப்பிருந்தது. சம்பூர்ணா வகையின் பயன் எளிதாகத் தெரிகிறது: ஆள் பற்றாக்குறையில் பழுத்த புழுவை மூன்று நாள் பொறுக்குவதற்குப் பதில் ஒரு நாளில் வேலை முடியும். ஆனால் அவசரப்பட்டு முன்கூட்டித் தெளித்தால் இடைவெளி சுருங்கும். ஃபைப்ராயின் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கும்போதே கதவு மூடப்படும். கூட்டின் ஓடு மெலியும். அரசு பட்டுக்கூடு அங்காடியின் ஏலத்தில் மெலிந்த ஓட்டுக்குக் கிடைக்கும் விலை வளர்ப்பவருக்குத் தெரியும்.

இவை நாம் அறிந்து செய்பவை. அறியாமல் நேர்வது இவற்றைவிடக் கவலைக்குரியது. பைரிபிராக்சிஃபென் இந்தியாவில் பருத்தி, கத்தரி, வெண்டையில் வெள்ளை ஈக்கு எதிராக அனுமதி பெற்ற மருந்து. மனிதருக்கு நச்சு மிகக் குறைவு. அது இளமை ஹார்மோன் போலி. மல்பெரிக்குப் பக்கத்து வயலில் தெளித்தது காற்றில் வந்து இலையில் படிந்தால் புழு சாகாது. ஐந்தாம் பருவம் நீளும், புழு பெருக்கும், நூற்காது. வடஇத்தாலியில் பழத்தோட்டங்களுக்குத் தெளித்த ஃபெனாக்ஸிகார்ப் என்ற இதே வகை மருந்து அங்கு எஞ்சியிருந்த பட்டு வளர்ப்பை 1990களில் இப்படித்தான் அலைக்கழித்தது. துண்டுநிலங்களில் காய்கறியும் மல்பெரியும் ஒரே வரப்பைப் பகிரும் தர்மபுரியில் இந்த ஆபத்து குறைவாக இருக்கக் காரணமில்லை.

நூற்காத புழுவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. கடும் வெப்பம் ஒரு காரணம், வைரஸ் இன்னொன்று. பால்புழு நோய் வைரஸின் இனத்தைச் சேர்ந்தவை எக்டைசோனை முடக்கும் நொதி ஒன்றின் மரபணுவையே தம்மிடம் வைத்திருக்கின்றன. புழுவைத் தோலுரிக்கவிடாமல் தடுத்து, அதன் உடலில் தாம் பெருகிக்கொள்ள. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் இழப்பு நேரும்போது பழி இலை, முட்டை, பருவநிலை என்று சுற்றிவருகிறது.

பிரித்தறிய வழி இருக்கிறது. ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாளுக்குப் பின், நூற்புக்கு முன், ஆரோக்கியமான புழுவில் இளமை ஹார்மோன் தாழ்ந்திருக்கும். ஆகவே கேஆர்-எச்1உம் தாழ்ந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் எடுத்த திசுவில் கேஆர்-எச்1 தூது ஆர்என்ஏ உயர்ந்திருந்தால், வெளியிலிருந்து இளமை ஹார்மோன் போலி வந்திருக்கிறது என்று ஐயுற வலுவான முகாந்திரம் உண்டு. வைரஸும் வெப்பமும் மட்டும் இருந்தால் இந்த உயர்வை எதிர்பார்ப்பதற்கில்லை. அதே இலையை வேறொரு தொகுதியின் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதும், இலையில் எச்சத்தை வேதிமுறையில் அளப்பதும் இதை உறுதிசெய்யும். தேவையான கருவி, கோவிட் காலத்தில் மாவட்டந்தோறும் அறிமுகமான ஆர்டி-பிசிஆர்தான். பெங்களூரு கொடத்தியிலுள்ள பட்டு உயிரித் தொழில்நுட்ப ஆய்வகம் ஓசூர் சாலையில் சில மணி நேரத் தொலைவில் இருக்கிறது. சேலத்தில் தலைமையகம் கொண்ட மாநிலப் பட்டு வளர்ச்சித் துறை, நூற்காத தொகுதி பற்றிய தகவல் வந்ததும் ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் திரவத்தில் பத்துப் புழுக்களின் திசுவை எடுத்தனுப்பும் நடைமுறையை வகுத்தால், பக்கத்து வயலில் எந்த நாளில் எது தெளிக்கப்பட்டது என்ற பதிவோடு அந்த முடிவை ஒப்பிட முடியும்.