வலைச் சட்டகங்களில் படிவப் பொருள்: ஒரு வரலாறு

வலைப்பக்கத்தில் பயனர் நிரப்பி அனுப்பும் விவரங்களைப் பெற்று, சரிபார்த்து, பிழை இருந்தால் நிரப்பியவை அழியாமல் திருப்பிக் காட்டும் வேலையைத் தனியே ஏற்கும் நிரற்பகுதி படிவப் பொருள் எனப்படும். இந்த வேலை எங்கே நடக்க வேண்டும் என்பதில் நிரலாளர்களிடையே நெடுநாள் ஒருமித்த கருத்து இருக்கவில்லை.

படிவங்களுக்கான இலக்கணம் 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரநிலையில் இடம்பெற்றது. உலாவி அனுப்புவது வெறும் எழுத்துகளே. வயதுக் கட்டத்தில் '25' என்று இட்டாலும் 'இருபத்தைந்து' என்று இட்டாலும் அதை எண்ணாக்க முயல்வதும், முடியாவிட்டால் மறுப்பதும் சேவையகத்தின் பொறுப்பு. தொடக்ககால பெர்ல் நிரல்கள் பலவற்றில் சோதிப்பது, சேமிப்பது, பக்கத்தை வரைவது எல்லாம் ஒரே கோப்பில் கலந்து கிடந்தன.

ஜாவா மொழிக்கான ஸ்ட்ரட்ஸ் 1.0 (2001) இதற்கென்றே 'ஆக்சன்ஃபார்ம்' என்ற வகுப்பை அளித்தது. எண்ணம் சரியானது, எழுத வேண்டிய வரிகள்தான் மிகுதி.

அமெரிக்காவின் லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றில் உருவாகி 2005-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஜாங்கோ, முதலில் 'மேனிபுலேட்டர்' என்ற சிக்கலான ஏற்பாட்டை வைத்திருந்தது. 2007 மார்ச்சில் வந்த 0.96 பதிப்பு 'நியூஃபார்ம்ஸ்' என்ற புதிய நூலகத்தைச் சேர்த்தது. 2008 செப்டம்பரில் வந்த 1.0 பதிப்பில் பழையது நீங்க, புதியது 'ஃபார்ம்ஸ்' என்ற பெயரில் நிலைத்தது. இதில் நிரலாளர் புலங்களை ஒருமுறை அறிவித்தால் போதும். அதே பொருள் படிவத்தை வரைகிறது, வந்ததைச் சோதிக்கிறது, தேறியவற்றை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றித் தருகிறது.

ரூபி ஆன் ரெயில்ஸ் வேறு வழியில் சென்றது. அங்கே சரிபார்ப்பு விதிகள் தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் மாதிரியிலேயே இருந்தன. வந்த புலங்கள் அனைத்தையும் ஒரே வரியில் மாதிரிக்குள் இட்டுவிடலாம். வசதிதான்; ஆனால் பயனர் கண்ட படிவத்தில் இல்லாத ஒரு புலத்தை யாரேனும் சேர்த்து அனுப்பினால் அதுவும் உள்ளே போய்விடும். 2012 மார்ச்சில் இதுவே நடந்தது. இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியும் பலனில்லாமற்போன ஒரு ரஷ்ய இளைஞர், கிட்ஹப் தளத்தின் படிவத்தில் இந்த ஓட்டையைப் பயன்படுத்தித் தம் திறவுகோலை ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கில் இணைத்து, அதன் மூல நிரலிலேயே ஒரு மாற்றத்தைப் பதிந்து காட்டினார்.

2013-இல் வந்த ரெயில்ஸ் 4.0, அனுமதிக்கப்படும் புலங்களைப் பட்டியலிடுவதை வழக்கமாக்கியது. இதற்கிடையே 2012 அக்டோபரில் பிரையன் ஹெல்ம்காம்ப், பருத்துப்போன மாதிரிகளைச் சீரமைக்கும் ஏழு வழிகளுள் ஒன்றாகப் படிவப் பொருளைக் குறிப்பிட்டு எழுதினார். ஒரே பதிவுப் படிவம் பயனர், நிறுவனம் என இரண்டு அட்டவணைகளை நிரப்பும் இடங்களில் இது பெரிதும் உதவுகிறது. ஒரே அட்டவணைக்கான சிறு படிவத்துக்கு இது வீண் சுமை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜாங்கோவிலும் இதே கவலை இல்லாமல் இல்லை. மாதிரியிலிருந்து தானாகப் படிவம் உண்டாக்கும் வசதியில், புலங்களைக் குறிப்பிடாவிட்டால் எல்லாப் புலங்களும் திறந்துவிடப்பட்டன. 2015-இல் வந்த 1.8 பதிப்பிலிருந்து, எவை வேண்டும் அல்லது எவை வேண்டாம் என்று நிரலாளர் சொல்லாவிட்டால் ஜாங்கோ பிழை காட்டி நின்றுவிடுகிறது.