சிறு தோட்டாவின் வரலாறு

செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே பிரியும் பெருந்தெரு வயல்வெளிகளைக் கடந்து, காடுகளை ஊடறுத்து, ஊவா மலைகளின் மேலேறிப் பதுளையை அடைகின்றது. அந்த மலைநாட்டிலுள்ள தியத்தலாவையில், 1900 ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஐயாயிரம் போயர் கைதிகள் கொண்டுவந்து அடைக்கப்பட்டனர். அவர்கள் தென்னாபிரிக்காவிலே பிரித்தானியப் பேரரசை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்ட உழவர்கள். கலப்பை பிடித்த இக்கைகளே, 1899 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் மூன்று களங்களிற் பிரித்தானியப் படையைத் தோற்கடித்தன. அவ்வெற்றிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது குறிபார்த்துச் சுடுவதில் அவர்கள் இளமை முதல் பெற்றிருந்த பயிற்சி. பேரரசு அன்று கற்ற பாடத்திலிருந்து ஒரு வினா எழுந்தது: பொருள் வசதியில்லாத மனிதன், விலை மிகுந்த தோட்டாவை ஓயாது செலவிட்டுப் பழகுவது எவ்வாறு?

இவ்வினாவின் விடையை அறியத் தோட்டாவின் அமைப்பை அறிதல் வேண்டும். கிழக்கிலங்கையில் துவக்கு என்று வழங்கும் படைக்கலம் எதுவாயினும், அதன் உயிர் தோட்டாவிலேயே இருக்கின்றது. பித்தளைக் கோது, அதனுள் வெடிமருந்து, நுனியில் ஈய ரவை, மருந்தைப் பற்றவைக்கும் சிறு தீப்பொறிச் சரக்கு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. தீப்பொறிச் சரக்கு கோதின் அடியில், நடுவிலே தனிக் கிண்ணமாக அமைந்திருப்பின் அது நடுவடித் தோட்டா. கோதின் அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே அது அடங்கியிருப்பின் விளிம்படித் தோட்டா.

விளிம்படித் தோட்டாவில் ஊசி மோதியவுடன் விளிம்பு நசுங்கித் தீப்பற்ற வேண்டும். ஆகவே கோதின் தகடு மெல்லியதாகவே இருத்தல் வேண்டும். மெல்லிய தகடு பேரழுத்தத்தைத் தாங்காது. ஆதலின் அதனுள் மருந்தும் சிறிதளவே இடப்படும். இக்குறைபாடே மலிவுக்குக் காரணமாயிற்று. உறுப்புகள் குறைவு, உலோகம் குறைவு, மருந்தும் குறைவு. நடுவடித் தோட்டாவின் கோதை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தலாம். விளிம்படிக் கோது ஒருமுறை சுட்டபின் எறியப்படுவது. அவ்வாறிருந்தும் விலையில் அதுவே வென்றது.

பாரிசு நகரத்தவரான புளோபேர் என்பார் 1845 இல், வீட்டு மண்டபத்திலே பொழுதுபோக்காகச் சுடத்தக்க சிறு தோட்டாவை அமைத்தார். அமெரிக்காவில் சிமித், வெசன் என்னும் இருவர் 1857 இல் அதனை வளர்த்து, 0.22 அங்குல விட்டமுடைய தோட்டாவையும் அதற்கேற்ற சுழல் கைத்துப்பாக்கியையும் வெளியிட்டனர். 1887 இல் சிடீவன்சு நிறுவனம் அதன் நெடிய வடிவத்தைக் கொணர்ந்தது. இன்றும் உலகெங்கும் பெரிதும் வழங்குவது அந்த வடிவமே.

பெருந்துப்பாக்கியைச் சிறு தோட்டாவுக்கு இசைவிக்கும் எண்ணமும் இக்காலத்திற் பிறந்தது. பிரித்தானியப் படையின் மாட்டினி கென்றித் துப்பாக்கிக் குழலுக்குள்ளே மெல்லிய மற்றொரு குழலைச் செருகும் முறையை மொறிசு என்பவர் 1880 களில் வகுத்தார். துப்பாக்கியின் எடையும் பிடியும் மாறவில்லை. செலவு மட்டும் சுருங்கியது. மொறிசின் சிறு தோட்டா நடுவடி வகையைச் சேர்ந்தது. பின்னர் அதனினும் மலிவான விளிம்படித் தோட்டா அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. போயர் போர் முடியுமுன்னரே, 1901 இல், றொபேட்சு பிரபுவின் ஆதரவுடன் தொழிலாளர்களுக்கான துப்பாக்கிக் கழகங்களின் சங்கம் இங்கிலாந்திலே தோன்றியது. அதுவரை செல்வர்களின் கலையாக இருந்த குறிசுடுதல் ஆலைத் தொழிலாளியின் மாலைப் பொழுதுக்கும் உரியதாயிற்று. 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் சிறுகுழல் துப்பாக்கிப் போட்டிகளும் இடம்பெற்றன.

நீள்துப்பாக்கியில் எளிதாக முடிந்த இம்மாற்றம், தானாக இயங்கும் கைத்துப்பாக்கியில் இடர்ப்பட்டது. யோன் பிறவுணிங்கு அமைத்த 0.45 அங்குலக் கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911 இல் ஏற்றுக்கொண்டது. அதன் ரவை ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ளது. சிறு தோட்டாவின் ரவையோ இரண்டரைக் கிராமை அடுத்து நிற்பது. முன்னதன் பின்னுதைப்பே கனத்த மேலுறையைப் பின்தள்ளி, வெற்றுக் கோதை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றது. ஆறிலொரு பங்கு ரவையுடைய தோட்டா அப்பெருஞ்சுமையை எங்ஙனம் தள்ளும்? யானை இழுத்த மரத்தை ஆட்டுக்கிடா இழுத்த கதைதான்.

1929 இல் தொடங்கிய பொருளாதார மந்தம் சிக்கனத்தைக் கட்டாயமாக்கியது. கோல்ட் நிறுவனம் 1931 இல், மேலுறையை இலேசாக்கி, ஏசு என்னும் பெயரில் சிறு தோட்டாக் கைத்துப்பாக்கியை வெளியிட்டது. அது குறி தவறவில்லை. ஆயின் பின்னுதைப்பு மிகக் குறைவு. மெல்லென அசையும் கருவியிற் பழகியவன் கை, களத்தில் வன்மையான கருவியைப் பிடிக்கும்போது தடுமாறும். மலிவு வந்தது, பயிற்சியின் பயன் முழுமையாக வரவில்லை.

இச்சிக்கலை அவிழ்த்தவரின் வாழ்க்கை வியப்புக்குரியது. தேவிட்டு மார்சல் வில்லியம்சு என்பவர் 1921 இல் நிகழ்ந்த ஒரு காவலதிகாரியின் கொலைக்காக வட கரோலினாவிலே சிறைப்பட்டவர். சிறைத் தொழிற்கூடத்தில் இரும்புத் துண்டுகளைக் கொண்டு துப்பாக்கி நுட்பங்களை ஆராய்ந்து, 1929 இல் விடுதலையானார். தோட்டா அமரும் அறையையே தனியுறுப்பாக்கி, வெடிவளியின் அழுத்தத்தால் அது சற்றே பின்னசைந்து மேலுறையை உந்துமாறு அவர் அமைத்தார். அதனாற் சிறு தோட்டாவின் உதைப்புப் பெருகிற்று. 1937 இல் இவ்வமைப்புடன் புதிய ஏசு வெளிவந்தது. அடுத்த ஆண்டில், 0.45 அங்குலக் கைத்துப்பாக்கியை வைத்திருப்போர் சிறு தோட்டாவுக்கு மாற்றிக்கொள்ளும் உறுப்புத் தொகுதியும் விற்பனைக்கு வந்தது. ஒரே பிடி, ஒரே விசை, இரண்டு தோட்டாக்கள்!

சிறு தோட்டா ஆசியாவிலும் பரவியது. 1948 இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசிய மாணவர் படையில், எண்ணற்ற மாணவர் முதன்முதற் சுட்டது 0.22 துப்பாக்கியாலேயே. 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், 25 மீற்றர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இந்தியப் படைவீரர் விசயகுமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அப்போட்டிக்குரியதும் இதே விளிம்படித் தோட்டாவாகும்.

எனினும் மலிவானது, சிறியது, பயிற்சிக்குரியது என்னும் அடைமொழிகள் மனிதரை ஏமாற்றும் இயல்புடையன. இத்தோட்டாவின் ரவை ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லவல்லது. 1968 யூனில் லோசு ஏஞ்சலிசு நகரிலே றொபேட்டு கென்னடியின் உயிரைக் குடித்ததும் 0.22 அங்குலச் சுழல் கைத்துப்பாக்கியே. அத்துப்பாக்கிக்கு அதன் நிறுவனம் சூட்டியிருந்த பெயர் கடேற்று. மாணவப் படையினன் என்பது அதன் பொருள். பயிற்சிப் பெயர் பூண்டிருந்த கருவி ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பிவிட்டது.

இலங்கையில் துப்பாக்கிகளை அனுமதிப்பத்திரத்தின் கீழ் அடக்கும் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் உழவனும் அதற்கு உட்பட்டவனே. 2009 இல் முடிவுற்ற நெடும்போரின் துயரைத் தாங்கிய மட்டக்களப்பு மண்ணுக்குச் சட்டத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டாவின் விலை குறைந்தது. அது பறிக்கும் உயிரின் விலை என்றும் குறைந்ததில்லை. சிக்கனத்தைத் தேடிய மனித அறிவு குறிப்பலகையின் முன் நிற்கும்வரை அது கலை. அப்பலகையின் இடத்தில் மனிதனை நிறுத்தும்போது, தோட்டா பெரிதாயினும் சிறிதாயினும், விளைவது ஒன்றே.