கொல்லிப்புறை நாணயங்கள்

சங்ககாலச் சேரர் காசுகளில் அரிய ஒரு வகை. கொல்லிமலையின் பெயரைத் தாங்கியவை என்று கருதப்படுகின்றன. பெயர் மலையினுடையதாயினும் காசுகள் வெளிப்பட்டது தென்மேற்கே, காவிரிக்கு அப்பால், கரூரை ஒட்டிய அமராவதி ஆற்றுப்படுகையில்.

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியை மலையமான் காரி கொன்று, மலையைச் சேரர்க்கு அளித்த செய்தி அகநானூறு 209ஆம் பாடலில் உள்ளது. பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகள் சேரரின் ஒரு கிளையான இரும்பொறை மரபினரைப் பாடுகின்றன. கரூருக்கு அருகே புகளூர்க் குகைக் கல்வெட்டிலும் இரும்பொறை என்ற பெயர் வருகிறது.

சங்க வேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு அடிக்கவில்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1984இல் நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்திக்கு மதுரையில் கிடைத்த, பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த செப்புக்காசு அதை மாற்றியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை, கொல்இரும்பொறை என்ற தமிழ் பிராமி எழுத்துகளுடன் கரூர்க் காசுகள் வெளிச்சத்துக்கு வந்தன. இவற்றுள் மாக்கோதையின் வெள்ளிக்காசு தனி அழகு: ஒரு முகம், தலைக்கு மேலே பெயர், பின்புறம் வெறுமை. அந்த முகத்தில் ரோமானிய வெள்ளிக்காசின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் புழங்கிய அளவை எண்ணினால் இதில் வியப்பில்லை. ரோமானியத் தலைக்கவசம் அணிந்த உருவமும், பின்புறம் சேரரின் வில்லும் அம்பும் கொண்ட இன்னொரு வெள்ளிக்காசும் அமராவதி ஆற்றில் கிடைத்தது.

கொல்லிப்புறை என்பதைக் கொல்லிப்பொறை என்று படிப்போரும் உண்டு. இரண்டாவது பாடத்தை ஏற்றால் இரும்பொறை மரபோடு உறவு நெருங்குகிறது. இது ஒரு மன்னனின் இயற்பெயரா, மலையை வென்றதால் வந்த பட்டமா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் என்று பொதுவாகக் காலம் சொல்லப்படுகிறது. ஆற்றுமணலில் எடுத்த காசுகளுக்கு மண்ணடுக்கைக் கொண்டு காலம் கணிக்க வழியில்லாததால், எழுத்தின் வடிவமே பெரும்பாலும் ஆதாரம். கரூரே சேரர் தலைநகர் வஞ்சி என்போருக்கு இக்காசுகள் வலுவான சான்று. கொடுங்கல்லூர்ப் பக்கம் வஞ்சியைத் தேடுவோர் இதை ஏற்பதில்லை.



கிருஷ்ணமூர்த்தியின் ஆய்வு 1997இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. 2021இல் அவர் காலமானார்.