இரு மழைகளின் ஊரும் ஒரு மழையின் பாடமும்

பள்ளிப் புவியியலில் 'பேரிடர்' எப்போது நுழைந்தது? நுழைந்தபின் அது யாருடைய பேரிடரைப் பேசியது? திருவனந்தபுரம் கரமனையையும் அதன் ஆற்றையும் முன்னிறுத்தி இவ்விரு வினாக்களையும் ஆராய முயல்கிறேன். பதிவு சற்று நீளமானது. கல்வி வரலாற்றிலும் சூழலியல் வரலாற்றிலும் ஈடுபாடுடையோர் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

அகத்தியமலைச் சரிவுகளில் தோன்றும் கரமனையாறு, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து, நகரத்தின் ஊடாக வரும் கிள்ளியாற்றையும் சேர்த்துக்கொண்டு, கோவளத்துக்கு அருகில் அரபிக் கடலை அடைகிறது. தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிய நிலப்பகுதி ஆதலால், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இவ்வாற்றை நிரப்புகின்றன. முன்னதை இடவப்பாதி என்றும் பின்னதைத் துலாவர்ஷம் என்றும் ஊர் வழங்குகிறது. மாதப் பெயரையே மழைக்கும் இட்ட இவ்வழக்கு, ஒரு காலநிலை அறிவின் சுருக்கம்: ஆண்டில் இருமுறை ஆற்றைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

இவ்வூரில் வானிலையை அளக்கும் மரபும் பழையது. சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். கரமனையாறு பிறக்கும் மலையிலேயே அளவுக் கருவிகள் ஏறிவிட்டன. இந்திய வானிலை ஆய்வுத்துறை தோன்றியதோ 1875இல்தான்.

ஆயினும் அளவீட்டு மரபும் பாடநூல் மரபும் வெவ்வேறு வழிகளில் சென்றன. தமிழில் இரேனியஸ் 'பூமிசாஸ்திரம்' வெளியிட்டது 1832இல். அக்காலம் முதல் பள்ளிப் புவியியலின் முதன்மைப் பணி நாடுகளையும் எல்லைகளையும் விளைபொருள்களையும் வகைப்படுத்தி அறிவித்தலாகவே இருந்தது. அவ்வகைப்பாட்டில் காலநிலை என்பது ஒரு நாட்டின் நிலையான இயல்பு. பல ஆண்டுச் சராசரி. சராசரி பயனுள்ள கருத்தே. எனினும், ஒரே இரவில் ஆறு கரைபுரள்வதை அது காட்டாது. பேரிடரோ சராசரியிலிருந்து விலகும் நாளில்தான் நிகழ்கிறது.

கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924 ஜூலையில், கேரளம் கண்ட பெருவெள்ளம் இதற்குச் சான்று. மூணாற்றின் மலை ரயில்பாதையை அவ்வெள்ளம் அழித்தது. அப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்னும் பெயர் முதியோர் பேச்சில் நிலைத்தது. ஆனால் பிந்தைய தலைமுறைகளை அது பெரும்பாலும் வீட்டுக் கதையாகவே அடைந்தது.

பேரிடரைப் பாடத்திட்டத்துக்குள் கொணர்ந்தவை தொடர்ச்சியான பேரழிவுகளே. 1999இன் ஒடிசா பெரும்புயலும் 2001இன் புஜ் நிலநடுக்கமும் அரசின் சிந்தனையை மாற்றின. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2003இல் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் பேரிடர் மேலாண்மையைச் சேர்த்தது. 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அடுத்து வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு இந்தியப் புவியியல் நூலில் இயற்கை இடர்களுக்கென ஓர் இயலே அமைந்தது.

இனி இரண்டாம் வினா. தேசிய அளவில் எழுதப்படும் பாடம் தேசிய வரைபடத்தையே கற்பிக்கும். அதில் புயல் கிழக்குக் கடற்கரைக்குரியது. கேரளம் தென்மேற்குப் பருவமழையின் வாயில். இரண்டும் பொதுவாக உண்மையே. ஆனால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அண்மை வரலாற்றைப் பாருங்கள். அம்பூரி நிலச்சரிவு முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது 2001 நவம்பர் 9இல். ஒக்கிப் புயல் உருவானது 2017 நவம்பர் இறுதியில். குமரிக் கடலில் சில மணி நேரத்தில் அது வலுப்பெற்றபோது, பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். நகரின் தாழ்வான பகுதிகள் ஓரிரவு மழையில் மூழ்கியது 2023 அக்டோபர் நடுவில். மூன்றும் வடகிழக்குப் பருவகாலத்தவை. மாறாக, 2018 ஆகஸ்டு வெள்ளம் கடுமையாகத் தாக்கியது பெரியாறு, பம்பை, சாலக்குடி ஆற்றுப்படுகைகளையே. மாநிலத்தின் பேரிடர் நாட்காட்டியும் மாவட்டத்தின் பேரிடர் நாட்காட்டியும் ஒன்றல்ல. இடவப்பாதியை மட்டும் அஞ்சக் கற்ற மாணவர் துலாவர்ஷத்தில் காப்பற்றவராகிறார்.

காலநிலை மாற்றம் இவ்விடைவெளியை மேலும் அகலமாக்குகிறது. அரபிக் கடல் வெப்பமடைந்து வருகிறது. 2019இல் மட்டும் அங்கு ஐந்து புயல்கள் தோன்றின. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான மழை, புவி வெப்பமாதலால் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாகியிருந்தது எனப் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று கணித்தது. பழைய சராசரியை மனப்பாடம் செய்வித்தல் இனிப் போதாது. இச்சூழலில், 2022இன் பாடக்குறைப்பில் காலநிலை சார்ந்த பகுதிகளும் நீக்கப்பட்டதை ஆசிரியர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை.

ஒரு பாடம் உயிரைக் காக்குமா? 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில், கடல்நீரின் விந்தையான போக்கைக் கண்டு ஆழிப்பேரலை வருவதை உணர்ந்தவள் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயதுப் பிரித்தானியச் சிறுமி. இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் கற்ற புவியியல் பாடமே அவளுக்கு உதவியது. கடற்கரையிலிருந்தோர் தப்பினர். அவள் கற்றது வரையறையை அன்று, அறிகுறியை.

கேரளத்தில் அறிகுறியைக் கற்பிக்கும் வாய்ப்பு இன்று உள்ளது. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ், புவியியல் பாடமுள்ள இருநூறுக்கும் மேற்பட்ட மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையங்கள் திட்டமிடப்பட்டன. மழைமானி, உயர்-தாழ் வெப்பமானி, காற்றுத்திசைகாட்டி ஆகியவற்றை மாணவர்களே படித்துப் பதிவுசெய்யலாம். விடுமுறை அறிவிப்புகளால் 'ஆரஞ்சு', 'சிவப்பு' எச்சரிக்கைகளைக் குழந்தைகள் நன்கறிவர். ஆனால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. கடந்தால் கனமழை, 204.4 மி.மீ. கடந்தால் அதிகனமழை என்னும் அளவுகளைத் தம் பள்ளி மழைமானியில் கண்டறிவோர் எத்தனை பேர்? கரமனையாற்றின் வெள்ளைக்கடவு நிலைய நீர்மட்டத்தை அப்பதிவோடு ஒப்பிட்டால், மலையில் பெய்த மழை எத்தனை மணி நேரத்தில் தம் தெருவை எட்டும் என்பதை அவர்களே கணிக்கலாம்.

புதிய பாடநூலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் ஆற்றுப்படுகையின் நூறாண்டுப் பேரிடர் நாட்காட்டியை ஒரு பக்கத்தில் தொகுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம். முதியோர் நினைவும் பழைய மழைப் பதிவும் அதில் அருகருகே நிற்கட்டும். வரலாற்று மாணவரும் புவியியல் மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது. உங்கள் ஊரின் நாட்காட்டியில் எம்மாதம் சிவப்பாக இருக்கும் என்பதைக் கருத்துப் பகுதியில் குறிப்பிடுங்கள், ஒப்பிட்டு நோக்குவோம்.