ரயில் கூவினால் வருடம் ஓடும்

விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாகப் போகிறது. பெரம்பலூர் நகரத்துக்கு இன்னும் ரயில் பாதையே வரவில்லை. ஆனால் திரையில் ரயில் கூவி, அடுத்த காட்சியில் சிறுவன் மீசையோடு வந்து நின்றால், வருடங்கள் ஓடிவிட்டன என்பது இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒன்றுபோலவே விளங்கியது. ஆகவே அந்தப் புரிதலை ரயில் தரவில்லை. தெருக்கூத்து தந்தது என்பது என் கணிப்பு. பின்பாட்டும் மத்தளமும் முழங்க வேடக்காரர் களரியை ஒரு சுற்று வந்தால் காடு மேடெல்லாம் கடந்தாயிற்று என்று கொள்வது கூத்து மரபு. கட்டியங்காரன் சொல்லும் ஒரு வாக்கியத்தில் வனவாசமே முடிந்துவிடும். அதைக் கேட்டுப் பழகிய மானாவாரிக் கிராமத்து மக்கள்தான் டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் வந்து உட்கார்ந்தார்கள். பல கொட்டகைகளில் புரொஜெக்டர் ஒன்றுதான். ரீல் மாற்றும்போதெல்லாம் கதை அறுபடும். அறுந்ததை மனத்துக்குள் முடிந்துகொள்வது அவர்களுக்குப் பழகிய வேலை.

ஒலியைக் கொண்டு காலத்தைத் தாண்டுவது மேலைநாட்டு உத்தி என்று ஒரு மறுப்பு வரும். 1935-இல் ஹிட்ச்காக் ‘தி 39 ஸ்டெப்ஸ்’ படத்தில் பிணத்தைக் கண்ட பெண் வாய் திறக்க, ரயிலின் ஊதல் கேட்கிறது. 1941-இல் ‘சிட்டிசன் கேன்’ படத்தில் சிறுவனுக்குச் சொல்லத் தொடங்கிய பண்டிகை வாழ்த்து முடிவதற்குள் அவன் இளைஞனாகிவிடுகிறான். நம் இயக்குநர்கள் இவற்றைப் பார்த்துக் கற்றிருக்கலாம். ஆனால் ‘சிட்டிசன் கேன்’ எடுத்த ஆர்சன் வெல்ஸுக்கே அந்தக் காது வானொலி நாடகத்தில் பழுத்தது. நமக்குக் கூத்திலும் கம்பெனி நாடகத்திலும் பழுத்தது. உத்தி கடன் வாங்கியதாகவே இருக்கட்டும், அதை விளக்கமில்லாமல் ஏற்ற காதுகள் உள்ளூர்க் காதுகள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: தமிழ்ப் படத்தில் பாட்டு வந்தால் கதை நின்றுவிடுகிறதே, காலம் எங்கே சுருங்குகிறது? பல பாட்டுகளுக்கு இது பொருந்தும் (அப்போதுதான் பாதிக் கொட்டகை பீடி பற்றவைக்க எழும்). ஆனால் 1975-இல் வந்த ‘நாளை நமதே’ படத்தில் பிரிந்த சகோதரர்களைச் சேர்த்துவைப்பதே சிறுவயதில் தாய் பாடிய பாட்டுதான். இடைப்பட்ட வருடங்களை வசனமாக்கியிருந்தால் இரண்டு ரீல் ஆகியிருக்கும். பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ 1954-இல் வசூலில் தேறவில்லை. பாட்டில்லாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பாட்டில்லாமலே அந்தப் படத்தின் துப்பாக்கிச் சத்தமும் சாட்சிகளின் குரல்களும் காலத்தை முன்னும் பின்னும் நன்றாகவே நகர்த்தின.

‘தளபதி’ (1991) ரயில் கூவும் உத்தியையே திருப்பிப் போட்டது. சரக்கு ரயிலில் குழந்தையை விட்டுவிட்ட தாயின் காதில் பின்னர் ரயில் கூவும்போது கதை முன்னே தாவுவதில்லை. இடையில் போன வருடங்கள் கழிந்து, அவள் பழைய நாளுக்கே திரும்பிவிடுகிறாள்.