எடையும் எண்ணிக்கையும்

வானூர் வட்டத்தில் திருவக்கரைப் பக்கம் போனால் கல்குவாரிகளும் கிரஷர்களும் வரும். ஜல்லி லாரி எடைமேடையில் ஏறினால் எத்தனை டன் என்று சீட்டு தருவார்கள். எத்தனை கல் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே எடைக்கு, ஒன்றரை ஜல்லியைவிட முக்கால் ஜல்லியில் கற்கள் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. கொலஸ்டிரால் பரிசோதனையின் வரலாறும் எடையிலிருந்து எண்ணிக்கைக்கு வந்த கதைதான்.

கொழுப்பு ரத்தத்தில் கரையாது. புரதம் போர்த்திய நுண்ணிய உருண்டைகளில் ஏறித்தான் பயணம் போகும். அவைதான் லைப்போபுரோட்டீன்கள். அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியம் பிரித்தெடுத்த ஜான் கோஃப்மன், போருக்குப் பின் பெர்க்லியில் ரத்தத்தை அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி இந்த உருண்டைகளைப் பிரித்தார். மொத்தக் கொலஸ்டிராலைவிட அது எந்த உருண்டையில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று 1950இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்.

சரி, அந்த மெஷினை ஊருக்கு ஒன்று வாங்கி வைக்க முடியுமா? முடியாது. 1972இல் ஃப்ரீடுவால்ட் குழு சுலபமான வழி சொன்னது: மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். ஒரே வரி கோடு. பல லேப்களில் இன்றும் அதுதான் ஓடுகிறது. ஆனால் அது தருவது எடைச்சீட்டு மட்டுமே.

1988இல் மெலிசா ஆஸ்டின், ரொனால்ட் கிராஸ் குழுவினர், சிறிய, அடர்த்தியான எல்டிஎல் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மூன்று மடங்கு என்று காட்டினார்கள். 'பெரியது நல்லது, சிறியது கெட்டது' என்ற பேச்சு பரவியது. பிறகு என்எம்ஆர் கருவியால் உருண்டைகளை எண்ணவும் முடிந்தபோது கதை திரும்பியது. அமெரிக்காவின் மெசா ஆய்வு, பெரியதோ சிறியதோ, எல்டிஎல் எண்ணிக்கை கூடினால் கழுத்துத் தமனியின் சுவர் தடிப்பதை 2007இல் காட்டியது. சிறிய உருண்டை ஒரு துப்பு. ஒவ்வொன்றும் குறைவாகச் சுமப்பதால், அதே கொலஸ்டிராலுக்கு அதிக உருண்டைகள் ஓடும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வில் (2014) எல்டிஎல் அதிகம் இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான். டிரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம்; எச்டிஎல் குறைவு 72.3 சதவீதம். சிறிய உருண்டைகள் பெருகுவது இந்தக் கூட்டணியில்தான். 2005இல் சென்னையின் க்யூர்ஸ் ஆய்வும் சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் அவற்றை இணைத்துப் பேசியது.

ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பார்ப்போம். மொத்தம் 180, எச்டிஎல் 32, டிரைகிளிசரைடு 240. கழித்தால் எல்டிஎல் 100. "பரவாயில்லையே" என்று மடித்துப் பையில் வைத்துவிடுவோம். ஆனால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தால் 148. பொதுவாக 130க்குள் இருக்க வேண்டியது இது. எல்டிஎல்லைப் பார்த்து நிம்மதியான அதே ஆள்தான் இவர்.

உருண்டையின் அளவைச் சொல்லும் விலை உயர்ந்த டெஸ்ட் இவருக்குத் தேவையில்லை. ஒவ்வொரு எல்டிஎல் உருண்டைக்கும் ஒரே ஒரு அப்போ-பி புரதம்தான். அதை அளந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். டிரைகிளிசரைடு, சர்க்கரை, உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு அப்போ-பி பார்க்கச் சொல்கிறது 2019இன் ஐரோப்பிய வழிகாட்டுதல். அதற்கும் வசதி இல்லையென்றால், கையிலிருக்கும் ரிப்போர்ட்டில் ஒரு கழித்தல் போட்டு, அந்த எண்ணை டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம். அதற்குக் காசு ஆகாது.