ஆலைக்குள் சென்ற குருக்கள்

விழா மலர் என்றால் கோயில் எழும்பிய கதை, மணிக்கூண்டு கட்டிய கதை, பங்கில் பணியாற்றிய தந்தையர்களின் பெயர் வரிசை ஆகியவற்றை எழுதுவது வழக்கம். அவற்றை விழாக் குழுவினர் வேறு பக்கங்களில் செம்மையாகத் தொகுத்துள்ளனர். என்னிடம் கேட்கப்பட்ட பொருள் "விசுவாசமும் இன்றைய சமுதாயமும்" என்பது. இதைப் பற்றிப் பொதுவாக எழுதப்புகுந்தால் ஒரு பிரசங்கம்தான் எழுத வரும். பிரசங்கத்தை ஞாயிறுதோறும் கேட்கிறீர்கள்; ஆகவே மலரில் ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழகத்தில் நூறாண்டைக் கடந்த பல கோயில்களின் அடிக்கல்லைப் பார்த்தால் பிரெஞ்சுப் பெயர் ஒன்று பொறித்திருக்கும். 1776-இல் புதுச்சேரி மிஷனின் பொறுப்பை ஏற்றது பாரிஸ் வேதபோதக சபை. 1838-ஐ ஒட்டி மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த இயேசு சபைக் குருக்களும் பிரெஞ்சுக்காரர்களே. வேதம் போதிக்கக் கப்பலேறி, காலராவிலும் காய்ச்சலிலும் நம் மண்ணிலேயே புதைக்கப்பட்ட வாலிபக் குருக்கள் பலர். அப்படிப்பட்ட நாட்டைப் பார்த்து, "பிரான்ஸ் ஒரு வேதபோதக நாடா?" என்று கேள்விக்குறியோடு தலைப்பிட்ட ஒரு நூல் 1943-இல் வெளிவந்தது. எழுதியவர்கள் அந்நாட்டுக் குருக்களான ஹென்றி கொதேன், இவான் தனியேல் என்னும் இருவர்.

அச்சேறுமுன் அதன் கையெழுத்துப் படி, பாரிஸ் பேராயர் கர்தினால் இம்மானுவேல் சுகார்டு ஆண்டகையின் மேசைக்குச் சென்றது. அந்த ஆண்டு பாஸ்கா திங்களன்று அதைக் கையிலெடுத்தவர், இரவெல்லாம் உறங்காமல் படித்து முடித்தார் என்று சொல்லப்படுகிறது. அப்போது அவருக்கு 69 வயது. குடியானவர் குடும்பத்தில் பிறந்து, குருமடப் பேராசிரியராக நீண்ட காலம் இருந்தவர், புரட்சிக்காரர் அல்லர். தமது நகரைச் சுற்றிய தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் திருச்சபைக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது என்ற எண்ணம் அவரை முன்பே வருத்திக்கொண்டிருந்தது. அந்தச் சுவரை இடிக்கும் வரை தமக்கு ஓய்வில்லை என்ற கருத்தில் அவர் பேசியும் எழுதியும் வந்தார்.

சுவர் என்றதும் நம்மவர்க்கு வடக்கன்குளம் நினைவுக்கு வரும். சாதி பிரித்து மக்களை நிற்கவைத்த தடுப்பு அங்கே கோயிலுக்குள்ளேயே இருந்தது; 1910-இல்தான் அகற்றப்பட்டது. அது கண்ணுக்குத் தெரிந்த சுவர். பிரான்சில் இருந்த சுவரோ கல்லால் கட்டப்பட்டதல்ல.

கொதேன் சுவாமியார் 1906-இல் பிறந்தவர். பாரிசை அடுத்த கிளிஷி என்னும் தொழில் ஊரில் உதவிக் குருவாயிருந்து, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நடத்தி வந்தவர். (அதே கிளிஷியில் 1612-இல் பங்குக் குருவாயிருந்தவர் புனித வின்சென்ட் தே பவுல். நமது வின்சென்ட் தே பவுல் சபையார் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) அந்த இயக்கத்தை பெல்ஜியத்தில் தொடங்கியவர் கர்தைன் என்னும் குரு. குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞர் கர்தைனை, பள்ளியில் உடன் படித்து ஆலைக்குப் போன தோழர்கள் அந்நியனைப்போலப் பார்த்தனர். அந்தப் பார்வையை அவர் சாகும் வரை மறக்கவில்லை. பார்த்தல், சீர்தூக்குதல், செயல்படுதல் என்ற மூன்று படிகளை அவர் தொழிலாளச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1925-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதரின் ஆதரவைப் பெற்றார். 1965-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 1967-இல் காலமானார்.

கொதேன் கண்டது இதுதான். இயக்கத்தின் வழியாக ஓர் ஆலைச் சிறுவன் கிறிஸ்துவை அறிகிறான், மனம் திரும்புகிறான், மகிழ்ச்சியோடு பங்குக் கோயிலுக்கு அழைத்து வரப்படுகிறான். சில மாதங்களில் காணாமற்போகிறான். ஏன்? கோயிலில் யாரும் அவனைத் துரத்தவில்லை. ஆனால் அங்கிருந்தவர்களின் உடை வேறு, பேச்சு வேறு. பீடத்தில் ஒலித்தது இலத்தீன். நற்கருணை உட்கொண்ட பெரியவர் திங்கட்கிழமை காலையில் ஆலையில் அவனை அதட்டும் அதிகாரி. அவன் தகப்பன் இறந்தால், கட்டுகிற பணத்திற்கேற்ப முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, கடைசி வகுப்பு என்று அடக்கச் சடங்கிற்கு விலைப்பட்டியல். மெழுகுதிரியின் எண்ணிக்கையும், கறுப்புத் திரையின் நீளமும், சாவில்கூட இவன் ஏழை என்று ஊரறியச் சொல்லின. விசுவாசத்தை ஏற்க வேண்டுமானால் தன் இனத்தாரை விட்டு வேறொரு வகுப்பாரோடு சேர வேண்டும் என்று அவன் எண்ணிக்கொண்டான். இந்த எண்ணத்தைத் தவறென்று சொல்லிவிட முடியாது.

பங்குக் குருக்களைச் சோம்பேறிகள் என்று கொதேன் பழிக்கவில்லை. அவர்கள் காலை முதல் இரவு வரை உழைத்தார்கள். ஆனால் அந்த உழைப்பெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கே செலவாயிற்று. ஞானோபதேசம், சபைகள், விழாக்கள், பள்ளிக்கூடம், கணக்கு வழக்கு இவற்றை முடித்துவிட்டு நிமிர்ந்தால் நாள் முடிந்துவிடும். வெளியே இருப்பவர்களுக்கு வேறு குருக்கள் வேண்டும். அவர்கள் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் போவதுபோல ஆலைக் குடியிருப்புக்குப் போக வேண்டும் என்றார். பங்குக் குருவாகிய எனக்கு இதைப் படிப்பது சுகமானதல்ல. ஆயினும் அந்தப் பட்டியலில் நான் செய்யாத வேலை ஒன்றுகூட இல்லை.

கர்தினால் சுகார்டு செயலில் இறங்கினார். அவருடைய முயற்சியால் 1941-இலேயே "பிரான்ஸ் மிஷன்" நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு அதன் குருமடம் லிசியே நகரில் திறக்கப்பட்டிருந்தது. சிறுமலர் தெரசம்மாளின் ஊர் அது. வேதபோதகத்தின் பாதுகாவலியின் நிழலில், வேதபோதகம் சொந்த வீட்டிற்கே திரும்பிற்று. நூலைப் படித்தபின் "பாரிஸ் மிஷன்" தொடங்கினார். அந்த வேலை காலூன்றுமுன், 1944 ஜனவரியில் ஓர் இரவு, அறையைச் சூடாக்கும் அடுப்பின் புகை நச்சால் கொதேன் உறக்கத்திலேயே இறந்தார். வயது 37.

அந்நாளில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்தனர். லட்சக்கணக்கான பிரெஞ்சு வாலிபர்கள் ஜெர்மன் ஆலைகளில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். குருக்களை உடன் அனுப்ப ஜெர்மன் அரசு இசையவில்லை. எனவே ஏறக்குறைய இருபத்தைந்து குருக்கள் தாங்கள் யாரென்று சொல்லாமல் தொழிலாளியாகவே சென்றனர். அவர்களுள் பலர் பிடிபட்டனர். மின் தொழிலாளியாகச் சென்ற விக்டர் தில்லார்டு என்ற இயேசு சபைக் குரு 1945 ஜனவரியில் தாஹவ் முகாமில் இறந்தார். லைப்சிக் நகரில் வேலைசெய்து சிறைப்பட்ட ஹென்றி பெரேன் உயிரோடு திரும்பித் தம் நாட்குறிப்பை நூலாக வெளியிட்டார். பூசைப் பாத்திரமும் பீடமும் இல்லாத இடத்தில், பக்கத்துப் படுக்கைக்காரனாக இருக்கும் குருவைத் தொழிலாளர் எவ்வளவு வேண்டிக்கொண்டார்கள் என்பதை அந்நூல் நாட்டுக்குச் சொல்லிற்று.

போர் முடிந்தபின் வழி தெளிவாயிற்று. கறுப்பு அங்கியைக் கழற்றிவைத்து, வேலைக்கு மனுக் கொடுத்து, இரும்பு ஆலையிலும் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் குருக்கள் கூலிக்கு நின்றனர். முன்னோடி ஒருவரைக் குறிப்பிட வேண்டும்: ஜாக் லெவ். வழக்கறிஞராயிருந்து, விசுவாசமில்லாத நிலையிலிருந்து மனந்திரும்பி, தோமினிக்கன் சபையில் சேர்ந்தவர். தொழிலாளரைப் பற்றி நூல்களில் படிப்பது போதாதென்று 1941-இலேயே மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார்.

இதை வேடம் என்று நினைப்பவர் உண்டு. எட்டு மணி நேரம் சுமை தூக்கிவிட்டு, மாலையில் வாடகை அறையின் சாப்பாட்டு மேசையையே பீடமாக்கி, அண்டை வீட்டார் நாலைந்து பேரோடு பூசை வைப்பது வேடத்தால் வருவதல்ல. 1951 ஏப்ரலில் போர்தோ துறைமுகத்தில் இறக்கிய மரச் சுமை சரிந்து மிஷேல் ஃபவ்ரோ என்ற இளங்குரு நசுங்கி இறந்தார். உடன் வேலைசெய்தோர் அவரைத் தங்களில் ஒருவராகவே அடக்கத்திற்குக் கொண்டுசென்றனர்.

ஏறத்தாழ நூறு பேர்தான். ஆனால் உலகமெங்கும் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். 1952-இல் கில்பெர் செப்ரோன் அவர்களைக் கதைமாந்தராக்கி எழுதிய நாவல் பெருமளவில் விற்றது. பேச்சு வளர வளர உரோமையில் அச்சமும் வளர்ந்தது.

அந்த அச்சத்தை இன்று ஏளனம் செய்வது எளிது. நியாயமாகப் பார்ப்போம். ஆலைக்குள் நுழைந்த குரு தொழிற்சங்கத்தில் சேராமல் இருக்க முடியாது. வலிமையான சங்கமோ கம்யூனிஸ்டுகளின் கையில் இருந்தது. சிலர் அச்சங்கத்தின் பொறுப்பாளராயினர். 1952 மே மாதம் பாரிசில் அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வேயை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் இரண்டு குருக்கள் கைதாகிப் போலீஸாரிடம் அடிபட்டனர். அதே ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பாவில் ஆயர்களும் குருக்களும் கம்யூனிஸ்டு அரசுகளின் சிறையில் வாடினர். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் இரண்டையும் ஒரே மேசையிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. பாதுகாக்க வந்த கர்தினால் சுகார்டோ 1949-லேயே இறந்துவிட்டார்.

1951-இல் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாதென்று தடை வந்தது. 1953 நவம்பரில் லியனார், ஜெர்லியே, ஃபெல்தேன் ஆகிய மூன்று கர்தினால்மார் உரோமைக்குப் போய் மன்றாடினர். கிடைத்த சலுகை சிறியது. 1954 மார்ச் 1-ஆம் தேதிக்குள் ஒவ்வொருவரும் தொழிற்சங்கப் பதவிகளை விட வேண்டும். குருக்களின் குழுவோடு வாழ வேண்டும். உடலுழைப்பு நாளொன்றுக்கு மூன்று மணிக்கு மேல் கூடாது. மூன்று மணி நேரத்திற்கு எந்த ஆலை ஒருவனை வேலைக்கு வைக்கும்? விதித்தவர்களுக்கும் இது தெரியாமலிருந்திருக்காது.

நூறு பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கீழ்ப்படிந்து வெளியே வந்தனர். மற்றப் பாதிப் பேர், உடனுழைப்பவர்களைக் கைவிட மனமின்றி ஆலையிலேயே நின்றுவிட்டனர். அவர்களுள் சிலர் பின்னர் மணம் செய்துகொண்டனர். சிலர் தனியாகவே முதுமை எய்தினர். ஒரே பீடத்தில் அருட்பொழிவு பெற்ற நண்பர்கள் இரு கரைகளில் நின்றனர். கீழ்ப்படிந்தவர்களைக் கோழைகள் என்று சொல்வாரும், தங்கியவர்களைத் துரோகிகள் என்று சொல்வாரும் அன்று இருந்தனர். நான் இரண்டு சொல்லையும் ஏற்கமாட்டேன். லெவ் கீழ்ப்படிந்தார், மறு ஆண்டே தொழிலாளருக்கான புதிய மிஷன் குழுவைத் தொடங்கி 1999 வரை வாழ்ந்தார். முடிவு எடுக்க முடியாமல் தவித்த பெரேன், ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் அணைக்கட்டு வேலையில் இருந்தவர், அதே 1954 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார்.

1959-இல் மிச்சமிருந்த மூன்று மணியும் நிறுத்தப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தவர் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர். பாரிசில் எட்டாண்டுகள் தூதராயிருந்து இவர்களை நேரில் அறிந்தவர். அவரே கூட்டிய சங்கத்தின் முடிவில் காற்று திசை மாறிற்று. 1965 அக்டோபரில், 6-ஆம் சின்னப்பரின் இசைவோடு, பிரெஞ்சு ஆயர்கள் ஆலை வாசலைக் குருக்களுக்கு மீண்டும் திறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 7-இல் வெளியான குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய சங்க ஏடு, தன் 8-ஆம் எண்ணில், கையால் உழைத்துத் தொழிலாளரின் நிலையில் பங்குபெறும் குருக்களையும் முறையான குருத்துவப் பணியாளராகவே கணக்கிடுகிறது. கொரிந்து நகரில் ஆக்கிலா, பிரிசில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்த சின்னப்பருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. 1970-களில் தொழிலாளக் குருக்கள் பல நூறு பேர் இருந்தனர்.

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. பியான்கூரில் இருந்த பெரிய ரெனோ ஆலையே 1992-இல் மூடப்பட்டது. ஆலைச் சங்கு ஊதினால் ஒரே வாசலில் ஆயிரக்கணக்கானோர் நுழையும் உலகம் கரைந்துவிட்டது. இன்று பல பிரெஞ்சுப் பங்குகளில் ஆப்பிரிக்கக் குருக்களும் நம் இந்தியக் குருக்களும் பணியாற்றுகின்றனர். பாரிசில் தமிழிலும் திருப்பலி நடக்கிறது.

கொதேன் பங்கை நம்பவில்லை என்றேன். அதே நாளில் அதை நம்பிய ஒருவரும் இருந்தார். பாரிசை அடுத்த கொலோம்பில் பங்குக் குருவாயிருந்த ஜோர்ஜ் மிஷொன்னோ, பங்கு முழுவதையுமே வேதபோதகமாக்கலாம் என்றார். அவர் முதலில் செய்தது அடக்கத்திற்கும் திருமணத்திற்கும் இருந்த வகுப்புகளை ஒழித்தது. எல்லாருக்கும் ஒரே மெழுகுதிரி, ஒரே திரை. அவர் ஆலைக்குப் போகவில்லை; விலைப்பட்டியலைக் கோயிலிலிருந்து எடுத்தார். இருவரில் யார் சரி என்று குருமடத்தில் நாங்கள் விவாதித்ததுண்டு, விவாதம் முடிந்ததில்லை.

நமது பங்கின் குடும்பப் பதிவேட்டை இவ்விழாவுக்காகப் புதிதாக எழுதினோம். அன்பியப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். நெடுஞ்சாலைக்கு அப்பால், தகரக் கூரை போட்ட வரிசை அறைகளில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த வாலிபர்கள் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று பதிவேட்டில் இல்லை. அந்த வரிசைக்கு எந்த அன்பியமும் ஒதுக்கப்படவில்லை. சிலர் ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வந்து, வாசலோரத்தில் நின்று, நன்மை வாங்கிக்கொண்டு, அறிவிப்புகள் தொடங்குமுன் போய்விடுகிறார்கள்.